“சாமி சொன்னா அம்மாவையும் நிக்க வெச்சிடுவியா?”

வாசகி கடிதம்:

“எங்களுக்கு குடியாத்தம். ஊர் பெயரைப் போடலாம், என் பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் லுங்கி வியாபாரம் செய்கிறார். ஆறு வருடமாக ஒரு சாமியிடம் போகிறார். பெரிய மடம் எல்லாம் இல்லை, ஒரு வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் முப்பது குடும்பம் கூடும், அவ்வளவுதான். போன தை மாதம் என் மாமனார் தவறிவிட்டார். நாத்தனார் ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். மாமனார் அவளோடு ரகசியமாகப் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார். சாவு விழுந்ததும் இவர் சாமிக்குப் போன் போட்டார். ‘அவள் கால் வீட்டில் பட்டால் போனவரின் ஆத்மா கரையேறாது’ என்று சொல்லிவிட்டார். அவள் ஆம்பூரிலிருந்து ஓடி வந்தாள். இவரே கேட்டில் நின்று தடுத்தார். ‘ஒரே ஒரு தரம் நைனா மொகத்தப் பாத்துட்டுப் போயிடறேண்ணா’ என்று கெஞ்சினாள். விடவில்லை. எதிர்வீட்டு ஓரமாக நின்று, பாடை போவதைப் பார்த்துவிட்டுப் போனாள். அன்று ராத்திரி இவர் மொட்டை மாடியில் தனியாக அழுதார். கேட்டால், ‘சாமி சொன்னா அதுல ஒரு கணக்கு இருக்கும்’ என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஆபரேஷனுக்குக் கடன் வாங்கிக் கொடுத்த மனுஷர் இவர். போன வாரம் சாப்பிடும்போது என் பன்னிரண்டு வயதுப் பையன் கேட்டான்: ‘அப்பா, சாமி சொன்னா அம்மாவையும் கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிடுவியா?’ இவர் ஒன்றும் சொல்லாமல் கை கழுவ எழுந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இவர் கெட்டவரா? நான் அந்தச் சாமியோடு சண்டை போட வேண்டுமா? பையனை அங்கே அனுப்பலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

கணவர் மொட்டை மாடியில் அழுததை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். அப்பா போன துக்கத்தில் அழுதார் என்று சொல்லலாம். அப்பாவுக்காக அழுவதை யாரும் தடுக்கப்போவதில்லை, நடுவீட்டில் எல்லோர் முன்னாலும் அழுதிருக்கலாம். ஒளிந்துகொண்டு அழும் அழுகை வேறு. தங்கையை நிறுத்தியது சரிதான் என்று முழு மனதோடு நம்பியிருந்தால் அவருக்கு அந்த மாடி தேவைப்பட்டிருக்காது.

அவர் கெட்டவர் இல்லை. அதற்காக அவர் செய்ததைச் சின்னதாக்கிச் சொல்லவும் மாட்டேன். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்த மகளைத் தடுத்தார். அந்த முகத்தை இனி யாராலும் அவளுக்குத் திருப்பிக் காட்ட முடியாது. நல்ல மனிதர், பெரிய தவறு செய்தார். இரண்டும் உண்மை. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் நீங்கள் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் தெரியும்.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் சாதாரண மனிதர்களை வரவழைத்து ஒரு சோதனை செய்தார். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஒரு சுவிட்சைத் தட்டி அவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். கரண்ட் பொய், அந்த அறையிலிருந்து சுவரை இடிக்கும் சத்தமும் ஏற்பாடு. தட்டுகிறவருக்கு மட்டும் அது தெரியாது. முதல் சுவிட்ச் 15 வோல்ட். ஒவ்வொரு தப்புக்கும் 15 கூடும். மொத்தம் 30 சுவிட்ச், கடைசி 450 வோல்ட். பலருக்கு வியர்த்தது, கை நடுங்கியது, நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். கோட் போட்டு நின்ற ஆய்வாளர் ‘தொடருங்கள்’ என்றார், பொறுப்பு தன்னுடையது என்றார். 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள். இந்த ஆய்வின்மேல் விமர்சனங்களும் உண்டு, சிலருக்கு இது நாடகம் என்ற சந்தேகம் இருந்தது என்று பின்னால் சொல்லப்பட்டது. ஆனால் நடுங்கியவர்களின் நடுக்கம் பொய்யில்லை.

இதைச் சொல்பவர்கள் 26 என்ற எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்த 15 வோல்ட்தான் முக்கியம். முதல் சுவிட்சே 450 என்றால் தட்டியிருப்பார்களா? உங்கள் கணவரின் ஆறு வருடத்தைத் திரும்பிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அது இல்லை, என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். முதலில் செவ்வாய்க்கிழமை கவுச்சி வேண்டாம் என்பார்கள். நல்லதுதானே என்று விட்டுவிடுவோம். அப்புறம் கடை வாசலை மாற்று என்று வரும், சின்னச் செலவுதான். பிறகு பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எந்தப் பங்காளியிடம் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்வது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இருபதாவது வார்த்தையை மறுக்க வேண்டுமென்றால் முந்தைய பத்தொன்பதையும் ஏன் கேட்டேன் என்று தனக்குத்தானே பதில் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் அன்று கேட்டில் நின்றபோது தங்கையை மட்டும் தடுக்கவில்லை. கதவைத் திறந்தால் ஆறு வருடமும் இடிந்துவிடுமோ என்ற பயத்தையும் சேர்த்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மில்கிராமின் சோதனையில் உத்தரவைப் போனில் சொன்னபோது கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். உங்கள் வீட்டிலோ ஒரு போனே போதுமாக இருந்தது. சாமி வீட்டுக்கு வர வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அவர் உங்கள் கணவருக்குள்ளே குடியேறிவிட்டார்.

இன்னொரு ஆய்வு, 2011-ல் வெளிவந்தது. டென்மார்க்கில் ஆழ்ந்த பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் 18 பேரையும், நம்பிக்கை இல்லாதவர்கள் 18 பேரையும் ஸ்கேன் கருவியில் படுக்கவைத்து ஜெபங்களைக் கேட்கச் செய்தார்கள். பேசுகிறவர்களில் ஒருவர் கிறிஸ்தவரே இல்லை, ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் ஜெபத்தால் நோயைக் குணப்படுத்துகிறவர் என்று சொல்லிவைத்தார்கள். உண்மையில் மூவருமே சாதாரணக் கிறிஸ்தவர்கள். ‘குணப்படுத்துகிறவர்’ குரல் கேட்டபோது பக்தர்களின் மூளையில், எதையும் எடைபோட்டுப் பார்ப்பதோடு தொடர்புள்ள முன்பகுதிகள் அடங்கிப்போயின. மற்ற பிரிவினரிடம் அது நடக்கவில்லை. குரலில் விசேஷம் ஒன்றும் இல்லை, அதற்கு முன்னால் ஒட்டியிருந்த பட்டம்தான் வேலை செய்தது. ‘அதுல ஒரு கணக்கு இருக்கும்’ என்று உங்கள் கணவர் சொல்லும்போது அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்க்கவில்லை. வேறொருவர் போட்டுவிட்டார் என்ற நிம்மதியில் இருக்கிறார்.

அப்புறம், குருவைக் குறை சொல்வதே பாவம் என்கிற ‘குரு நிந்தை’ என்ற சொல். சந்தேகத்தையே பாவமாக்கிவிட்டால் மனிதனுக்குள் எழும் முதல் உறுத்தலை அவனே அமுக்கிவிடுவான். முப்பது குடும்பமும் வாய் திறக்காதபோது, நமக்கு மட்டும்தான் கோணல் புத்தி போல என்று தோன்றும். அந்த முப்பதில் எத்தனை பேருக்கு இதே உறுத்தல் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

இது ஒரு மதத்தின் விஷயம் என்று நினைக்காதீர்கள். வேலூரில் நான் உட்கார்ந்திருக்கும் இந்த அறைக்கு, சபையில் சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்தியவர்களும் வந்திருக்கிறார்கள், ஒரு பெரியவர் சொன்னார் என்று பெண்ணின் படிப்பை நிறுத்திய இஸ்லாமியத் தகப்பனும் வந்திருக்கிறார். உத்தரவு போட ஆள்கூட வேண்டாம், வழக்கமே போதும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை நம் பக்கத்தில் பலருக்கும் தெரியும். 1890-களில் திண்டிவனத்தில், அப்பாவோடு தங்கியிருந்த இளம்பெண்ணாக இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று கணவர்கள் வந்து பிரசவ வலியில் இருக்கும் மனைவிக்கு உதவ அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. அப்பா மருத்துவர், அவர் வருவார் என்றார். ஆண் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் வேறொரு உயர்சாதி இந்து, ஒருவர் முஸ்லிம். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த ராத்திரிதான் அவரை மருத்துவம் படிக்கவைத்தது, 1900-ல் வேலூருக்குக் கொண்டுவந்தது. மனைவியைக் காப்பாற்ற ராத்திரியில் ஓடி வந்தவர்களைக் கெட்டவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஓடி வந்த காலை அன்பு இழுத்தது. வாசலில் நின்று யோசித்தது மட்டும் அவர்களாக இல்லை.

எனக்கும் இப்படி ஒன்று உண்டு. பயிற்சிக் காலத்தில், ஒரு நோயாளியின் தாயிடம் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அந்த அம்மா என்னிடம் வந்து, ‘உனக்கும் தெரியுமா பாப்பா?’ என்று கேட்டார். உங்கள் கணவரைப் பற்றி எழுதும்போது நான் அந்தக் கேள்வியை மறக்கவில்லை.

இப்போது உங்கள் ஊருக்கே வருகிறேன். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்திருப்பீர்கள். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து மாலை மாலையாகச் சுமந்துகொண்டு அம்மன் தலை புறப்படும், தெருவெல்லாம் சூறைத்தேங்காய் உடையும், கோபாலபுரம் கோயிலில் உடலோடு பொருத்துவார்கள். அந்தக் கதையை உங்கள் மகனுக்கு யாராவது முழுதாகச் சொல்லியிருக்கிறார்களா? ஜமதக்னி முனிவர், மனைவி ரேணுகாவை வெட்டச் சொல்லிப் பிள்ளைகளிடம் ஆணையிடுகிறார். மூத்த பிள்ளைகள் மறுத்துச் சாபம் வாங்குகிறார்கள். பரசுராமன் வெட்டுகிறான். சொன்னதைச் செய்த மகனுக்கு என்ன வரம் வேண்டும் என்று முனிவர் கேட்கிறார். அவன் ராஜ்யம் கேட்கவில்லை, அம்மாவுக்கு உயிர் வேண்டும் என்று கேட்கிறான். நடந்தது அவளுக்கு நினைவிருக்கக் கூடாது என்றும் கேட்கிறான். கை கீழ்ப்படிந்துவிட்டது, மனம் அந்தக் கையோடு போகவில்லை. உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஔவையின் கொன்றை வேந்தனில் ‘தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை’ என்பதற்கு அடுத்த வரியே தாயைவிடச் சிறந்த கோயில் இல்லை என்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் மனப்பாடம் செய்தோம். இரண்டும் மோதும்போது என்ன செய்வது என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் குடியாத்தம் ஜனங்கள் தங்கள் பதிலை வருடாவருடம் தெருவில் காட்டுகிறார்கள். அவர்கள் தோளில் ஏறுவது ஆணையிட்ட முனிவரும் இல்லை, கோடரி பிடித்த மகனும் இல்லை. வெட்டுப்பட்டவளின் தலை. நம் பக்கத்துக் கதையில் இன்னொன்றும் உண்டு. தப்பி ஓடிய ரேணுகாவைக் கட்டிப்பிடித்துக் காக்கப்பார்த்தவள் ஊர் ஒதுக்கிவைத்த சாதிப் பெண். அவள் தலையும் சேர்ந்து விழுந்தது, உயிர் கொடுக்கும்போது தலையும் உடலும் மாறிப்போயின. கோயிலில் சிரசைப் பொருத்துவது அந்த இன்னொருத்தியின் உடலில்தான். சாதி மாறிக் கட்டிக்கொண்டாள் என்று தங்கையை நிறுத்திய அதே ஊரில், ஊர்த் தெய்வத்தின் தலை ஒரு சாதி, உடல் ஒரு சாதி. உங்கள் கணவர் அந்தத் தெய்வத்துக்கும் தேங்காய் உடைத்தவர்தானே.

இதையெல்லாம் அவரிடம் வாதத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதுதான்: சாமியோடு சண்டை வேண்டாம். நீங்கள் சாமியைத் திட்டினால் உங்கள் கணவர் அவருக்கு வக்கீலாகிவிடுவார், பேச்சு சாமியைப் பற்றியதாகிவிடும், தங்கை மறுபடியும் வெளியே நிற்பாள். அமைதியான ஒரு நேரத்தில், வேறு யாரும் இல்லாதபோது, ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘அன்னிக்கு சாமி போனை எடுக்காம இருந்திருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?’ கேட்டுவிட்டு எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பதிலுக்கு நிற்க வேண்டாம். அந்தக் கேள்விக்கான பதில் அவருக்குத் தெரியும், அது அவருடைய சொந்தப் பதில். ஆறு வருடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

அவர் நம்பிக்கைக்கு உள்ளிருந்தே பேச வேண்டிய நாள் வந்தால், கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தை எடுங்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்த கண்ணன் அர்ஜுனனிடம், இதை முழுதாக ஆராய்ந்து பார்த்து உன் விருப்பப்படி செய் என்கிறான். கடவுளே அப்படி விட்டார். ஒரு குருவை எடைபோட என்னிடம் இருக்கும் அளவுகோலும் இதுதான்: அங்கே ஒருவர் ‘இல்லை சாமி, எனக்கு இது சரியாகப் படவில்லை’ என்று சொன்னால் அவருக்கு என்ன ஆகிறது? அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே பாயில் உட்கார முடிகிறதா?

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அந்த அம்மா அன்று ஒரே நாளில் கணவரையும் இழந்தார், பெற்ற மகளை வாசலில் விட்டுவிட்டும் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய் உட்காருங்கள். மில்கிராமின் இன்னொரு சோதனையில், கூட இருந்த இரண்டு பேர் ‘இனி மாட்டோம்’ என்று எழுந்ததும் 40 பேரில் 36 பேர் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் ஒருவர் மறுப்பதைப் பார்ப்பதற்கு அவ்வளவு பலம். நீங்கள் ஒருவர், மாமியார் ஒருவர். வீட்டுக்குள்ளே அந்த இரண்டு பேர் இருந்தால் உங்கள் கணவருக்குக் கதவைத் திறக்கத் தெம்பு வரும்.

நாத்தனாருக்கு நீங்களே போன் செய்யுங்கள். இதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். அண்ணனுக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள், அதை அவர்தான் கேட்க வேண்டும். ‘அன்னிக்கு நான் வந்து கேட்டைத் திறந்திருக்கணும், திறக்கல’ என்று உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். வரும் தையில் வருஷ தெவசம் வருமே, அதற்குள் அவள் ஒருமுறையாவது அந்த வீட்டுக்குள் வந்து அப்பா படத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். பரசுராமனுக்கு வரம் கொடுக்க ஒரு முனிவர் தேவைப்பட்டார். இங்கே தங்கை உயிரோடு, ஆம்பூரில், ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறாள்.

மகன் விஷயம். லாரி நுச்சி, எலியட் டூரியல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-ல் ஒன்றை எழுதினார்கள். கட்டுப்பாடான கிறிஸ்தவ, யூதக் குடும்பத்துப் பிள்ளைகளிடம், திருடலாம் என்று கடவுளே சொல்லியிருந்தால் திருட்டு சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள், அப்போதும் தப்புதான் என்றார்கள். எந்த நாளில் வழிபடுவது போன்ற விஷயங்களில் வேத வார்த்தைக்குக் கட்டுப்பட்ட அதே பிள்ளைகள்தான். இன்னொருவருக்கு வலிக்குமா என்பது பிள்ளைகளுக்குத் தனியாகவே தெரிகிறது. உங்கள் மகனுக்கும் தெரிந்திருக்கிறது. அவன் கேட்டது குறும்பு இல்லை, தன் வீடு பத்திரமா என்று கேட்கிறான். அதைப் பதில் இல்லாமல் விடாதீர்கள். இன்றைக்கே சொல்லுங்கள்: ‘யார் சொன்னாலும் அத்தையை நிறுத்தினது தப்பு. அப்பாவுக்கும் அது வலிக்குது. என்னை யாரும் வெளிய நிக்க வைக்க முடியாது.’ அப்பாவைக் கேள்வி கேட்க அவனைத் தூது அனுப்ப வேண்டாம், அது அவன் வயதுக்குப் பெரிய சுமை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு இப்போதைக்கு அனுப்பாதீர்கள். டியூஷன், கிரிக்கெட் என்று சாக்கு சொல்லாமல், அவன் கேட்ட கேள்விக்கு அப்பா பதில் சொன்ன பிறகு அனுப்புகிறேன் என்று கணவரிடம் நேராகவே சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது சாப்பிடும் மாத்திரையை, பையனின் படிப்பை, நகையை, பத்திரத்தைத் தொடும் வார்த்தை அந்த மாடியிலிருந்து வந்தால் மட்டும் நிதானம் வேண்டாம். அன்றைக்கே உங்கள் பக்கத்துப் பெரியவர்களையும் ஒரு வக்கீலையும் பாருங்கள். தூக்கம் வராத ராத்திரிகளில் 14416-க்கு அழைக்கலாம், டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள்.

கணவர் ஒப்புக்கொண்டால் இருவருமாக ஒரு நாள் வேலூருக்கு வாருங்கள். அவருக்குத் தயக்கம் இருந்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: சாமியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். தங்கை சின்ன வயதில் எப்படி இருப்பாள் என்றுதான் முதலில் கேட்பேன்.